ரப்பர் டீச்சர்

என் தங்கச்சிக்கு அப்பா அம்மா ஆசை ஆசையா வச்ச பேரு ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லிக் கேட்டீங்கன்னா இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் வழி தெரியாது. "ரப்பர் டீச்சர் வீடு எது?"ன்னு கேளுங்க, மூக்கு ஒழுகற குழந்தைகூட என் தையல் கடை வரைக்கும் கொண்டாந்து விட்டுடும். பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த மாதிரி கடை, கடைக்குப் பின்னாடி வீடு. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டார், அவ கல்யாணமே வேண்டாம்னுட்டா.

பேரைக் கேட்டுட்டு, ஏதோ பிள்ளைங்களுக்கு ரப்பர் வாங்கிக் கொடுக்கிற தாராள மனசுக்காரின்னு நினைச்சுடாதீங்க. பிடுங்கறவ. டிராயிங் டீச்சர் அவ. வருஷ ஆரம்பத்துல முதல் பீரியட், ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கிட்டு பெஞ்சு பெஞ்சா போவா. "எல்லாரும் ரப்பரை இதுல போடுங்க." பிள்ளைங்க சொத்தைப் பறிகொடுத்த மாதிரி முழிக்கும். பென்சில் வாலுல ஒட்டியிருக்கிற ரப்பரையும் விட மாட்டா, பிளேடால சீவி எடுத்துட்டுத்தான் பென்சிலைத் திருப்பிக் கொடுப்பா. ஒரு வருஷம் ஒரு பையன் வாயில ஒளிச்சு வச்சிருந்தவன், இவ கிட்டப் போனதும் பயத்துல முழுங்கிட்டான். அவங்க அம்மா வந்து போட்ட சத்தத்துல பள்ளிக்கூடமே ஆடிப்போச்சு. அன்னிக்கு வந்த பேரு, ஒட்டிக்கிச்சு.

"ஏன்டி, தப்பா போட்டா அதுங்க என்னடி பண்ணும்?"னு கேட்டேன்.

"தப்பு அப்படியே இருக்கட்டும் அக்கா. பக்கத்துல சரியான கோட்டைப் போடட்டும். அழிச்சுட்டா எங்க தப்பு பண்ணினோம்னே தெரியாம போயிடும்."

எனக்கு வாய் அதிகம், அவளுக்குக் கண்ணு அதிகம். சின்ன வயசுலயே அப்படித்தான். நான் தெருவுல சண்டை போட்டுட்டு வருவேன், அவ சண்டையில யாரு எப்படிக் கையை வச்சிருந்தாங்கன்னு சுவத்துல கரியால வரைஞ்சு வச்சிருப்பா. அடி மட்டும் ரெண்டு பேருக்கும் சமமா விழும்.

அவ சொல்லிக் கொடுக்கிறதைக் கேட்டா சிரிப்பு வரும். "ஒரு படம் போடுங்க"ன்னு சொன்னா உலகத்துல எந்தப் பிள்ளையும் ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு குடிசை, ஒரு ஆறு, நாலு பறவை போடும். முதல் நாள் அதையெல்லாம் போடவிட்டு, அப்புறம் கேட்பா. "இங்க மலை எங்க இருக்கு? நீ பார்த்தியா? நீ?" ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டாங்க. "அப்ப எதுக்குப் போட்டீங்க?" பிறகு ஒரு டம்ளரை மேசை மேல வைப்பா. பிள்ளைங்க அதோட வாயை முழு வட்டமா போடும், ஏன்னா டம்ளர் வாய் வட்டம்னு அதுங்களுக்குத் தெரியும். "உட்கார்ந்த இடத்துல இருந்து பாரு. வட்டமாவா தெரியுது?" அமுக்கின வட்டமாத்தான் தெரியும். கண்ணை எல்லாரும் நெத்தியில கொண்டு போய் வைப்பாங்க. அளந்து காட்டுவா, கண்ணு தலைக்குச் சரிபாதியில இருக்கும்னு. ஒரு வாரம் முழுக்கத் தன் இடது கையையே வரையச் சொல்லுவா. ஒரு வாரம் நாற்காலியைத் தலைகீழா நிறுத்தி, நாற்காலியை வரையாதே, கால்களுக்கு நடுவுல இருக்கிற காலி இடத்தை வரைன்னுவா. எல்லாத்துக்கும் ஒரே மந்திரம்தான் வச்சிருந்தா: "தெரிஞ்சதை வரையாதே. தெரியறதை வரை." பிள்ளைங்க அதைப் பாட்டு மாதிரி கத்திக்கிட்டே என் கடை வாசல்ல போகும்.

கடைசியாத்தான் நிழல். ஜன்னலோரம் ஒரு பந்தை வச்சு, வெளிச்சம் வர்ற பக்கம் வெள்ளை, போற பக்கம் கறுப்பு. அதை மட்டும் கேள்வி கேட்காம மனப்பாடம் பண்ண வைப்பா. "வெளிச்சம் வர்ற பக்கம் நிழல் விழாது." இந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. என் தங்கச்சியைக் கவுத்தது இதுதான்.

இத்தனை மெனக்கெட்டு என்ன? அவ வேலைக்குச் சேர்ந்தப்ப என் தலையில ஒரு நரை கிடையாது. இப்ப சாயம் போட்டு மறைக்கிறேன், அவ இன்னும் தற்காலிகம். டிராயிங்னா பள்ளிக்கூடத்துல ஒரு இளக்காரம். யாருக்கு நேரம் பத்தலேன்னாலும் டிராயிங் பீரியட்லதான் கை வைப்பாங்க. அதுலயும் கணக்கு சார் இருக்காரே, அவர் வாரம் தவறாம வந்து நிப்பார். "டீச்சர், இன்னிக்கு ஒரு பீரியட் மட்டும் கொடுங்களேன், பின்னம் பாக்கி இருக்கு." குரலே உயர்த்த மாட்டார். அவ்வளவு மரியாதை. அவ்வளவு சாது. பிள்ளைங்க மேல கையே வைக்காத வாத்தியார்னு பெத்தவங்க எல்லாம் அவரைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவாங்க. என் கடைக்கு வர்ற அம்மாக்கள் எல்லாம் அதையேதான் சொல்லுவாங்க. "கை நீட்டாத மனுஷன்மா அவரு." நானும் ஆமாம் போட்டுக்கிட்டே அளவெடுப்பேன்.

அந்தக் கணக்கு சாரோட பொண்ணு அதே பள்ளிக்கூடத்துல ஏழாம் வகுப்பு. துண்டுன்னு கூப்பிடுவாங்க. ஆளும் துண்டாத்தான் இருப்பா, ஆனா பேரு அதுக்கு வரல. விரல்ல பிடிக்கவே முடியாத துண்டுப் பென்சில்லதான் வரைவா, புதுசு கொடுத்தாலும் வேண்டாம்னுடுவா. அதிகம் பேச மாட்டா. டின்னைக் கொண்டு போய் நீட்டினப்ப, "எங்கிட்ட ரப்பரே இல்ல டீச்சர், நான் வாங்கறதே இல்ல"ன்னு சொன்ன ஒரே பிள்ளை அவதான். அன்னிக்கு என் தங்கச்சி வீட்டுக்கு வந்து காலைத் தரையில வைக்கல.

"இத்தனை வருஷத்துல ஒண்ணு கிடைச்சிருக்கு அக்கா. இவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறதே இல்ல, அவ பார்க்கறா. அவ்வளவுதான்."

"அவங்க அப்பா உன் பீரியடைத் தின்னறார், பொண்ணு உனக்கு வயித்துல பால் வார்க்கறாளாக்கும்"னேன்.

இந்த நேரத்துலதான் பெரிய டீச்சர் இவளைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. அவங்கதான் தலைமையாசிரியை. "நிர்வாகத்துல டிராயிங் எதுக்குன்னு கேட்கறாங்கம்மா. அந்த நேரத்தைக் கணக்குக்கே கொடுத்துடலாம்னு பேச்சு இருக்கு. பெத்தவங்க வர்ற நாள்ல ஒரு கண்காட்சி வைங்க. அது நல்லா வந்துச்சுன்னா உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நானே பேசறேன். இல்லேன்னா..." இல்லேன்னாவோட நிறுத்திட்டு ஃபேனைப் பார்த்தாங்களாம்.

வீட்டுக்கு வந்து தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்தா. இந்த வயசுல டிராயிங் டீச்சரை வேற யாரு கூப்பிட்டு வேலை கொடுப்பாங்க? என் கடையில பித்தான் வைக்கலாம், வேற என்ன. எனக்கும் பயம்தான். ஆனா வெளியில காட்டிக்காம, "எல்லாம் நல்லா வரும், எழுந்து காப்பி போடு"ன்னு அதட்டினேன்.

கண்காட்சிக்கு அவ கொடுத்த வேலை இது: வீட்டுல ஒருத்தரை ஜன்னல் பக்கத்துல உட்கார வச்சு, அவங்க முகத்தைப் பார்த்து வரைஞ்சுட்டு வரணும். சாயங்காலம் அத்தனை படத்தையும் என் கடைக்கே கொண்டாந்து, துணி வெட்டற மேசையில பரப்பினா. நான் ஒரு யூனிஃபார்ம் சட்டையில பித்தான் துளைக்குக் காஜா போட்டுக்கிட்டு தலையைக் குனிஞ்சிருந்தேன்.

"அக்கா! ஐயோ அக்கா, இங்க பாரேன்!"

"இருடி, ஊசி கையில இருக்கு."

"துண்டு அவ அம்மாவைப் போட்டிருக்கா. மூக்குக்குக் கோடே போடல அக்கா, வெறும் நிழல்லயே நிறுத்தியிருக்கா. நான் இந்த வயசுல இப்படிப் போட்டதே இல்ல." குரல் அப்படியே குழைஞ்சு போச்சு. அப்புறம், "அடடா. இங்க போயி கோட்டை விட்டுட்டாளே."

"என்னவாம்?"

"ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கு, வெளிச்சம் இந்தக் கன்னத்துல விழுது. இது பளிச்சுன்னு வெள்ளையா இருக்கணும். கண்ணுக்குக் கீழ ஒரு கறுப்பை அப்பி வச்சிருக்கா. வெளிச்சம் வர்ற பக்கம் நிழல் விழுமா?"

"யானைக்கும் அடி சறுக்கும். விடுடி."

அவ விடல. படத்தைக் கையில எடுத்தா, வச்சா, மறுபடி எடுத்தா. அப்புறம் அலமாரி மேல இருந்து அந்த பிஸ்கட் டின்னை இறக்கினா. நான் அப்பத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்னடி இது, நீயா ரப்பர் எடுக்கிற?"

"ஒரே ஒரு இடம்தான் அக்கா. மத்ததெல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்கு. வர்றவங்க இந்தத் தப்பைத்தான் முதல்ல பார்ப்பாங்க, டிராயிங் டீச்சர் என்னத்தைச் சொல்லிக் கொடுத்தான்னு கேட்பாங்க." டின்னுல கையை விட்டுத் துழாவி, எந்தப் பிள்ளையோ கடிச்சு வச்ச ஒரு வெள்ளை ரப்பரை எடுத்தா. குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி பதமா தேய்ச்சா, ஊதினா. கன்னத்தைச் சரிபண்ணி எனக்குத் தூக்கிக் காட்டினா. ஜன்னலோரம் ஒரு அம்மா, அழகா, அமைதியா.

"நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு நான் அடுத்த காஜாவுக்குப் போயிட்டேன்.

மறுநாள் வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போனதும் துண்டைக் கூப்பிட்டு படத்தைக் கையில கொடுத்திருக்கா. "ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரு சின்னத் தப்பு இருந்துச்சு, நானே சரிபண்ணிட்டேன்."

துண்டு படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாளாம். "இங்க ஒண்ணு இருந்துச்சே டீச்சர்."

"அந்த நிழல்தானே? வெளிச்சம் வர்ற பக்கம் நிழல் விழாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"அது நிழல் இல்ல டீச்சர்."

"பின்ன?"

"அம்மா முகத்துலயே இருந்துச்சு." அழல, கோபப்படல. எந்தச் சூத்திரத்தைப் போடணும்னு சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்த்திருக்கா. "நீங்கதானே தெரியறதை வரையச் சொன்னீங்க?"

என் தங்கச்சி என்ன செய்யறதுன்னு தெரியாம ஒரு பென்சிலை எடுத்து அவ கையில திணிச்சிருக்கா. "மறுபடி போட்டுடு கண்ணு. எப்படி இருந்துச்சோ அப்படியே."

"இப்ப அது மஞ்சளாயிடுச்சு டீச்சர். பென்சில்ல மஞ்சள் வராதே."

இதை அவ வந்து என்கிட்ட சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு உடம்பெல்லாம் எரிய ஆரம்பிச்சுடுச்சு. கணக்கு சாரா? அந்தச் சாதுவா? எறும்பு வந்தா ஒதுங்கி நடக்கிற மனுஷனா? கத்தரிக்கோலை மேசையில வீசினேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, அந்த அம்மா என் கடைக்கு வந்து, வெயில் மண்டையைப் பிளக்கிற நாள்ல, மணிக்கட்டு மூடற மாதிரி நீளக் கை, தொண்டை வரைக்கும் ஏத்தின காலர்னு சட்டை தைக்கச் சொன்னது. "வெந்து போயிடுவீங்களேம்மா, எதுக்கு இவ்வளவு நீளம்?"னு கேட்டேன். "கொசு அதிகம்"னு சிரிச்சாங்க. கொசு! பள்ளிக்கூடம் முழுக்கக் கணக்கு சொல்லிக் கொடுக்கிற கொசு!

"படத்தைக் கொண்டா. நீதான் பெரிய டிராயிங் டீச்சராச்சே. அது இருந்த மாதிரியே திரும்பப் போடு. போட்டுக் கொண்டு போய் மாட்டு, ஊரே பார்க்கட்டும்."

அவ ஒரு வெறும் தாளை எடுத்தா. கன்னத்தைப் போட்டா, கண்ணைப் போட்டா. பென்சில் அங்க வந்து நின்னுடுச்சு. வேற தாள் எடுத்தா. அதுலயும் நின்னுடுச்சு. மேசை முழுக்க ஒரு பக்கக் கன்னமா கிடக்கு.

"என்னடி?"

"எனக்கு ஞாபகம் இல்ல அக்கா. அது வட்டமா, நீளமா, கண்ணைத் தொட்டுச்சா தொடலையா, எதுவுமே இல்ல. தப்புன்னு தெரிஞ்சுச்சு, அழிச்சேன். நான் அதைப் பார்க்கவே இல்ல."

கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்கணும்னு பிள்ளைங்களை விரட்டினவ. "வாத்தியாராம் வாத்தியார்"னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவ மூஞ்சியைப் பார்த்து முழுங்கிட்டேன்.

"போய்ப் பெரிய டீச்சர்கிட்ட சொல்லு. வேலை போனா மசுரு போச்சு. ஊசி நூல் இருக்கு, ரெண்டு வயிறு, நான் பார்த்துக்கறேன்."

போனா. அந்தப் பயந்தாங்கொள்ளி நிஜமாவே போனா, அதை நான் சொல்லித்தான் ஆகணும். பெரிய டீச்சர் கதவைச் சாத்தச் சொல்லிட்டு முழுசா கேட்டாங்களாம். கேட்டுட்டு, "தெரியும்"னாங்களாம்.

"தெரியுமா மேடம்?"

"ஆசிரியர் அறையில எல்லாருக்கும் தெரியும்மா. பல வருஷமா தெரியும். உங்களுக்கு இப்பத்தானா? அது அவங்க குடும்ப விஷயம். அந்த அம்மா உங்ககிட்ட வந்து ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. பொண்ணு வரைஞ்சிருக்கா."

"எங்க, காட்டுங்க."

இவ படத்தை மேசையில வச்சிருக்கா. அவங்க கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, கிட்ட வச்சு, எட்ட வச்சுப் பார்த்திருக்காங்க. "எங்க இருக்கு?"

"நான் அழிச்சுட்டேன் மேடம்."

"நீங்களா?" அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சாம். கெட்ட சிரிப்பு இல்ல அக்கா, நிஜமாவே வந்துடுச்சுன்னா. "எல்லார் ரப்பரையும் பிடுங்கற நீங்களா?" அப்புறம் படத்தைத் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப அழகா இருக்கும்மா. இதை நடுவுல மாட்டுங்க"ன்னுட்டாங்க. மாட்ட வேண்டாம் மேடம்னு இவ கெஞ்சினதுக்கு, "இது இல்லேன்னா அவரே வந்து ஏன் என் பொண்ணு படத்தைக் காணோம்னு கேட்பார். என்ன சொல்லுவீங்க? அவர் வீட்டுக்குப் போய் அதை யாருகிட்ட கேட்பார்?"னாங்களாம். இவ மாட்டினா.

கண்காட்சிக்கு நானும் போனேன். சுவர் முழுக்க அம்மாக்கள், தாத்தாக்கள், தூங்கி வழியற மாமாக்கள். ஒருத்தன் தன் அண்ணனுக்கு மூணு மூக்கு போட்டிருந்தான், ரெண்டு தப்பு, ஒண்ணு சரி, எதையும் அழிக்காம. நடுவுல துண்டோட படம். அதுக்கு முன்னாடி கூட்டம். கணக்கு சார் கையைக் கட்டிக்கிட்டு, கழுத்தைச் சாய்ச்சு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்னுக்கிட்டிருந்தார். "உங்க வீட்டம்மா முகத்துல என்ன ஒரு நிம்மதி சார்"னு யாரோ சொன்னாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, இங்க மறைக்கக்கூட வேண்டியதில்ல, ஊரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பிடி சோத்தை மேல போட்டு மூடிக்கிட்டிருக்கு.

அவர் என் தங்கச்சிகிட்ட வந்தார். "டீச்சர், டிராயிங்ல இவ்வளவு விஷயம் இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சு. இனிமே உங்க பீரியட்ல கை வைக்க மாட்டேன். நிர்வாகத்துலயும் நானே சொல்றேன், இவங்களை விட்டுடாதீங்கன்னு."

கை வைக்க மாட்டாராம். எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறிடுச்சு. "சார்"னு வாயைத் திறந்தேன். அவர் பின்னாடி நின்ன அந்த அம்மா, நான் தைச்ச நீளக் கைச் சட்டையில, என்னைப் பார்த்து லேசா தலையை ஆட்டினாங்க. வேண்டாம்னு. நான் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு என் வீட்டுக்குப் போயிடலாம். அவங்க அவரோட அவர் வீட்டுக்குப் போகணும். "படம் நல்லா இருக்கு சார்"னேன். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன கேவலமான வார்த்தை அதுதான்.

அவர் நகர்ந்ததும் அந்த அம்மா படத்துக்கிட்ட வந்தாங்க. ரப்பர் தேய்ச்ச இடத்துல தாள் கொஞ்சம் பஞ்சு மாதிரி எழும்பியிருக்கும், கிட்டப் போனாத்தான் தெரியும். அங்க ஒரு விரலை வச்சுத் தடவினாங்க. பக்கத்துலயே துண்டு நிக்கறா.

"நீங்கதான் அழிச்சீங்களாமே டீச்சர். பாப்பா சொன்னா."

"மன்னிச்சுடுங்கம்மா. நான் தெரியாம..."

"ஐயோ, நல்ல வேலை பண்ணினீங்க. இவ அப்படியே போட்டுக் கொடுத்துட்டான்னு கேட்டதுல இருந்து நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். ரொம்ப நன்றி டீச்சர்." சொல்லிட்டு பொண்ணு தலையைத் தடவினாங்க. "இனிமே இப்படியெல்லாம் வரையக்கூடாது, என்ன?"

துண்டு அம்மாவைப் பார்த்தா. அப்புறம் என் தங்கச்சியைப் பார்த்தா. இவ ஏதாவது சொல்லுவான்னு காத்துக்கிட்டிருந்தா அந்தக் குழந்தை. சொல்லுடி, ஒரு வார்த்தை சொல்லுடின்னு நான் மனசுக்குள்ள கத்தறேன். அந்த அம்மா கண்ணுல அவ்வளவு கெஞ்சல். என் தங்கச்சி தரையைப் பார்த்தா. துண்டு சரின்னு தலையாட்டினா.

அந்த வருஷமே நிரந்தரம் ஆயிடுச்சு. தெருவே வந்து வாழ்த்திட்டுப் போச்சு. கணக்கு சார் சொன்ன சொல் தவறல, அவளோட பீரியடை யாரும் தொடறதில்ல. சம்பள உயர்வுல கடைக்குப் புது ஃபேன் மாட்டினோம். அதுக்கடியில உட்கார்ந்தா எனக்கு வேர்க்குது.

சும்மா இருந்துட்டோம்னு நினைக்காதீங்க. அந்த அம்மா அடுத்த சட்டை வாங்க வந்தப்ப நான் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னேன், "எந்த நேரம்னாலும் வாங்க, பொண்ணைக் கூட்டிக்கிட்டு வாங்க, இந்தக் கதவைத் தட்டக்கூட வேண்டாம்"னு. "எதுக்கு அக்கா?"ன்னு அதே சிரிப்பு. அதுக்கப்புறம் அவங்க இந்தப் பக்கம் வர்றதில்ல. வேற எங்கேயோ தைக்கிறாங்க. அங்கயும் நீளக் கைதான் தைப்பாங்க.

வருஷம் மாறி, துண்டு எட்டாம் வகுப்புக்கு வந்தா. என் தங்கச்சி இந்தத் தடவை பிஸ்கட் டின்னை எடுத்துட்டுப் போகல. ஏன்னு நான் கேட்கல. நானே ரப்பரையெல்லாம் கொட்டிட்டு அதுல பித்தான் போட்டு வச்சிருக்கேன். பிள்ளைங்க இப்ப ஆளாளுக்கு மேசையில ரப்பரை வச்சுக்கிட்டு வரையுதுங்களாம். பேரு மட்டும் மாறல, ரப்பர் டீச்சர்தான்.

முதல் வாரம், வீட்டுல எதையாவது பார்த்து வரைஞ்சுட்டு வாங்கன்னு சொல்லியிருக்கா. துண்டோட படத்தை என் தங்கச்சி கடைக்குக் கொண்டாந்து என் மேசையில வச்சா. துண்டுப் பென்சில் இல்ல, கலர் பென்சில். கண்காட்சியில நல்லா வரைஞ்சதுக்குன்னு அப்பா பெரிய கலர்ப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கார். ரெண்டு மலை. நடுவுல சூரியன். குடிசை, ஆறு, நாலு பறவை. சூரியனுக்கு மட்டும் தாள் பளபளக்கற அளவுக்கு மஞ்சளை அழுத்தித் தேய்ச்சிருக்கா.

"இது எங்க பார்த்ததுன்னு கேட்டேன் அக்கா."

"என்ன சொன்னா?"

"பார்க்கல டீச்சர், தெரிஞ்சதை வரைஞ்சேன்னா."

படத்துல தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு கோடு பிசகல, அழிச்ச அடையாளம் எங்கயும் இல்ல.

"மார்க் போட்டியா?"

"போட்டேன் அக்கா. முழு மார்க்."